தொழுநோய் ஆய்வு மாநாட்டுக்கு இ-போஸ்டர்: தயாரிப்பதற்கும் அனுப்புவதற்கும் வழிகாட்டல் வேண்டும்

பாலாற்றங்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வட தமிழகத்தில் தொழுநோய்க்கென்று நெடுங்காலமாக இயங்கிவரும் ஒரு மருத்துவமனையில் நான் இயன்முறை மருத்துவராகப் பணியாற்றுகிறேன். உள்ளங்காலில் உணர்ச்சி இழந்தவர்களுக்காக எங்கள் களப்பகுதிக் கிராமங்களில் தன்பராமரிப்புக் குழுக்களை நடத்திவருகிறோம். குழுவினர் ஒன்றாக உட்கார்ந்து காலைத் தண்ணீரில் ஊறவைத்து, தடித்த தோலைத் தேய்த்து எடுத்து, ஈரம் காய்வதற்குள் எண்ணெய் தடவிக்கொள்வார்கள். எம்.சி.ஆர். செருப்பில் (உணர்ச்சியற்ற பாதத்துக்கான மென்மையான நுண்துளை ரப்பர் செருப்பு) முள்ளோ ஆணியோ ஏறியிருக்கிறதா என்று ஒருவர் செருப்பை இன்னொருவர் பார்த்துச் சொல்வார். இப்படி வந்தவர்களுக்குப் பாதப்புண் மீண்டும் வருவது குறைந்திருக்கிறதா என்று, குழுவில் சேர்வதற்கு முந்தைய ஓராண்டின் பதிவேட்டையும் சேர்ந்த பிறகான ஓராண்டின் பதிவேட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். அந்த ஆய்வின் சுருக்கத்தை ஒரு தொழுநோய் மாநாட்டுக்கு அனுப்பியிருந்தேன். அது இ-போஸ்டராக, அதாவது அச்சடிக்காமல் திரையில் காட்டும் போஸ்டராக, ஏற்கப்பட்டிருக்கிறது.

முன்பு ஒருமுறை ஃபிளெக்ஸில் அச்சடித்த போஸ்டரைச் சுருட்டிக் குழாயில் போட்டு ரயிலில் எடுத்துச் சென்ற அனுபவம் மட்டுமே எனக்கு உண்டு. இப்போது அமைப்பாளர்கள் அகலவாக்கில் ஒரே ஒரு பக்கம் கேட்டிருக்கிறார்கள். பவர்பாயின்ட் கோப்பாகவோ பி.டி.எஃப். கோப்பாகவோ அனுப்பலாம் என்றும், மாநாடு முடிந்த பின்னும் பதிவு செய்தவர்கள் அதை இணையத்தில் பார்க்கவும் தரவிறக்கவும் முடியும் என்றும் குறிப்பிட்டிருக்கிறார்கள்.

எனக்குள்ள ஐயங்கள் இவை. எழுத்து எந்த அளவில் இருந்தால் திரையில் படிக்க முடியும்? இரண்டு கோப்பு வகைகளில் எதை அனுப்புவது நல்லது? குழுவில் நாங்கள் கேட்ட கேள்விகளைத் தமிழிலேயே காட்ட விரும்புகிறேன். அவை பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. கடைசியாக, புண்ணின் படங்களும் குழு கூடியிருக்கும் படங்களும் என்னிடம் நிறைய இருக்கின்றன. கண்ணுக்கு மேல் கறுப்புப் பட்டை போட்டுவிட்டால் போதுமா?

வெண்திரை எழுதியது:

வணக்கம். ஒரு மருத்துவக் கல்லூரியின் காட்சி ஊடகப் பிரிவில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் கணினி தொடர்பானவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

தொடங்கும்போதே பக்க அளவைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். அமைப்பாளர்கள் வேறு அளவு சொல்லவில்லை என்றால், பவர்பாயின்டில் 40 அங்குல அகலமும் 22.5 அங்குல உயரமும் வையுங்கள். இன்றைய தொலைக்காட்சித் திரைகளின் 16:9 விகிதம்தான் இது. அதோடு, அந்தப் பக்கத்தைப் படமாகச் சேமிக்கும்போது 3840×2160 புள்ளிகள் (பிக்சல்கள்) கிடைக்கும். வழக்கமான 13.33 அங்குல அகலத்திலேயே செய்து படமாகச் சேமித்தால் 1280×720 புள்ளிகள்தான் கிடைக்கும். பெரிய திரையில் எழுத்தின் ஓரங்கள் மங்கிப்போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். 300 டி.பி.ஐ. (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) என்பது அச்சுக்கான கணக்கு. திரைக்கு வேண்டியது மொத்தப் புள்ளிகளின் எண்ணிக்கைதான்.

எழுத்தளவையும் கணக்கிட்டே முடிவு செய்யலாம். எழுத்தளவின் அலகான பாயின்ட் ஓர் அங்குலத்துக்கு 72; ஆக 22.5 அங்குல உயரம் என்பது 1620 பாயின்ட். அதில் 48 பாயின்ட் எழுத்து பக்க உயரத்தில் ஏறக்குறைய 34-இல் ஒரு பங்கு. 55 அங்குலத் திரையின் உயரம் சுமார் 68 சென்டிமீட்டர் என்பதால் அந்த எழுத்துக்கு 2 சென்டிமீட்டர் இடம் கிடைக்கும். நான்கடி தள்ளி நிற்பவர் சிரமமில்லாமல் படிப்பார். அதே பக்கத்தை ஒருவர் வீட்டில் 14 அங்குல மடிக்கணினியில் திறந்தால் அந்த எழுத்து அரை சென்டிமீட்டராகிவிடும். ஆகவே உடல்பகுதிக்கு 48-க்குக் கீழே போகாதீர்கள்; அட்டவணைக்கும் அடிக்குறிப்புக்கும் 36 வரை இறங்கலாம். இந்த அளவில் முந்நூறு சொற்களுக்கு மேல் எழுதினால் படங்களுக்கு இடமிருக்காது. அதை ஒரு குறையாக நினைக்காதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றை இங்கே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இது நோயாளிகளின் விவரம் வெளியே போகும் வழி. எக்செல் கோப்பில் வரைந்த வரைபடத்தை நகலெடுத்து பவர்பாயின்டில் ஒட்டும்போது, ஒட்டும் முறையைப் பொறுத்து, அந்த எக்செல் கோப்பு முழுவதுமே உள்ளே போய் உட்கார்ந்துவிடும். திரையில் தெரிவது நான்கு தூண்கள்தான். ஆனால் தரவிறக்கிய ஒருவர் அந்த வரைபடத்தின் மேல் வலச்சொடுக்கிட்டுத் தரவைத் திருத்து என்று கேட்டால், பெயர், வயது, ஊர், பதிவு எண் என்று நீங்கள் வைத்திருந்த எல்லாத் தாள்களும் திறந்துகொள்ளும். மாநாட்டுக்காக என்னிடம் சரிபார்க்கக் கொண்டுவரப்பட்ட கோப்புகளில் இதை நானே பார்த்திருக்கிறேன். ஆகவே வரைபடத்தைப் படமாக மட்டுமே ஒட்டுங்கள்.

படங்களை வெட்டுவதிலும் இதே ஆபத்து இருக்கிறது. முகம் தெரியாதபடி பவர்பாயின்டில் ஓரத்தை வெட்டினால் அந்தப் பகுதி மறைக்கப்படுகிறதே தவிர, அழிவதில்லை. கோப்பைப் பெற்றவர் வெட்டிய ஓரத்தை இழுத்தால் முகம் திரும்பவும் வந்துவிடும். படங்களைச் சுருக்கும் வசதியில் வெட்டிய பகுதிகளை நீக்கு என்ற தேர்வு இருக்கிறது. ஆனால் அதைவிட, முதலிலேயே வேறு மென்பொருளில் வெட்டிப் புதிய படமாகச் சேமித்து, அதைக் கொண்டுவந்து வைப்பது பாதுகாப்பானது. கைப்பேசியில் எடுத்த படமானால் எடுத்த நேரமும், சில சமயம் எடுத்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையும்கூட உள்ளே பதிந்திருக்கும். ஒரு சிற்றூரின் பெயரைப் போஸ்டரில் மறைத்துவிட்டு, படத்துக்குள் அதே ஊரின் இருப்பிடத்தை அனுப்புவதில் பயனில்லை.

இவற்றையெல்லாம் ஒரே அடியில் தவிர்க்க, பக்கம் முடிந்ததும் அதை பி.என்.ஜி. படமாகச் சேமித்து, அந்தப் படத்திலிருந்து பி.டி.எஃப். உண்டாக்கி அனுப்புங்கள். எழுத்துரு மாறாது, உள்ளே எதுவும் ஒளிந்திருக்காது. எழுத்தைத் தேடவோ நகலெடுக்கவோ முடியாது என்பது ஒரு குறைதான். உங்கள் பொருளுக்கு அந்தக் குறையை ஏற்றுக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

தமிழ்க் கேள்விகளை யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்தது, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். மாற்றிய பிறகு யாரையாவது உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள், கொம்பும் காலும் இடம் மாறியிருப்பது அப்போதுதான் பிடிபடும்.

ஓய்வுபெற்ற மருத்துவர் எழுதியது:

பாலாற்றங்கரைக்கு என் பாராட்டுகள். அறுவை சிகிச்சையைப் பற்றியும் புதிய மருந்தைப் பற்றியும் போஸ்டர்கள் எத்தனையோ வருகின்றன. காலை ஊறவைத்து எண்ணெய் தடவும் வேலையை எடுத்து எழுத வருபவர்கள் குறைவு. அதனால்தான் உங்கள் போஸ்டர் கேள்விகளுக்குத் தாக்குப்பிடிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

முதல் கேள்வி உங்கள் ஒப்பீட்டைப் பற்றியே வரும். ஒருவர் எப்போது தன்பராமரிப்புக் குழுவில் சேர்கிறார்? பெரும்பாலும் புண் மோசமாகி, அவரும் நாமும் கவலைப்படும் வேளையில்தான். அப்படிப்பட்ட ஓராண்டை எடுத்துக்கொண்டு அடுத்த ஆண்டோடு ஒப்பிட்டால், குழுவே இல்லாமலிருந்தாலும் அடுத்த ஆண்டு ஓரளவு மேம்பட்டே தெரியும். உச்சத்துக்குப் போனது தானாகச் சராசரியை நோக்கி இறங்கும் என்ற இந்த உண்மையை நடுவர்கள் கேட்பதற்கு முன்பே நீங்கள் போஸ்டரில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள். முடிந்தால், அதே பதிவேட்டிலிருந்து குழு இன்னும் தொடங்காத கிராமங்களில் உள்ளவர்களின் அதே இரண்டு ஆண்டுகளையும் பக்கத்தில் வையுங்கள். அதைச் செய்தால் உங்கள் ஆய்வின் மதிப்பு பல மடங்கு கூடும். நடவு, அறுவடைக் காலங்களில் வயலில் வெறுங்காலோடு நிற்பவர்களுக்குப் புண் கூடும் என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆகவே இரு பக்கமும் பன்னிரண்டு மாதங்கள் முழுமையாக இருக்கின்றனவா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

மீண்டும் வந்த புண் என்றால் என்ன என்பதை வரையறுத்து எழுதுங்கள். ஆறி மூடிய இடத்திலேயே மறுபடி திறந்ததா, அதே பாதத்தில் வேறிடத்தில் வந்ததா, முழுதாக ஆறாத பழைய புண்ணை மறுவருகையில் புதிதாகப் பதிந்துவிட்டார்களா? உணர்ச்சிப் பரிசோதனையை மோனோஃபிலமென்டால் (தோலில் அழுத்திப் பார்க்கும் நைலான் இழை) செய்தீர்களா, பால்பாயின்ட் பேனாவாலா என்பதும் வேண்டும். உள்ளங்காலுக்கு 10 கிராம் விசையில் வளையும் இழையைப் பயன்படுத்தியிருந்தால் அதைக் குறிப்பிடுங்கள்.

ஊனத் தரம் 0 (பாதிப்பு இல்லை), 1 (உணர்ச்சி இழப்பு), 2 (கண்ணுக்குத் தெரியும் ஊனம்) என்பவை வரிசையைக் காட்டும் எண்கள் மட்டுமே. அவற்றைக் கூட்டி வகுத்துச் சராசரி தரம் 1.4 என்று எழுதுவதைப் பல போஸ்டர்களில் பார்த்து வருந்தியிருக்கிறேன். ஒரு மனிதரின் மொத்த நிலையில் ஏற்பட்ட மாற்றத்தைக் காட்ட வேண்டுமானால், இரு கண், இரு கை, இரு கால் ஆகிய ஆறு இடங்களின் தரங்களைக் கூட்டி 0 முதல் 12 வரை வரும் ஈ.எச்.எஃப். மதிப்பெண்ணைத் தாருங்கள். சதவீதம் எழுதும் இடத்திலெல்லாம் எத்தனை பேரில் எத்தனை பேர் என்பது கூடவே இருக்கட்டும். உதாரணமாக, 25 சதவீதம் என்று மட்டும் போட்டால் அது 4 பேரில் ஒருவரா, 400 பேரில் நூறு பேரா என்பது படிப்பவருக்குத் தெரியாது.

பின்னணிப் பகுதியைச் சுருக்கமாக வையுங்கள். ஆனால் அங்கேதான் ஒரு பிழை அடிக்கடி நுழைகிறது: 2005-இல் இந்தியாவில் தொழுநோய் ஒழிக்கப்பட்டது என்று எழுதிவிடுகிறார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் நாடு எட்டியது, சிகிச்சையில் உள்ளவர்களின் எண்ணிக்கை பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் கீழே வந்த நிலை. சிகிச்சைக் காலம் குறைந்தாலே அந்த எண்ணிக்கை குறையும். பல நுண்ணுயிரி வகைக்கான (உடலில் கிருமிகள் அதிகமுள்ள தொழுநோய்) கூட்டு மருந்துச் சிகிச்சை 24 மாதங்களிலிருந்து 12 மாதங்களாக ஆனபோது அப்படித்தான் குறைந்தது. நோய் பரவுகிறதா என்பதை அறியப் புதிதாகக் கண்டறியப்பட்டவர்களையும் அவர்களில் குழந்தைகளையும்தான் பார்க்க வேண்டும். 2023-இல் உலகில் புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள் 1,82,815 பேர். அவர்களில் 1,07,851 பேர் இந்தியாவில். உங்கள் ஆய்வுக் காலத்தில் 2020 வருகிறதானால் கூடுதல் கவனம் தேவை. உலக அளவில் 2019-இல் இரண்டு லட்சத்துக்கு மேல் இருந்த புதிய நோயாளிகள் எண்ணிக்கை 2020-இல் 1.3 லட்சத்துக்கும் கீழே போனது, நோய் குறைந்ததால் அல்ல, கோவிட் காலத்தில் தேடிச் செல்ல முடியாததால். உங்கள் பாதப்புண் பதிவேட்டிலும் அந்த மாதங்கள் வெறுமையாக இருக்கலாம். வெறுமையை எவரும் புண் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது.

கறுப்புப் பட்டை போதாது. கண்ணை மட்டும் மறைப்பது அடையாளத்தைக் காப்பாற்றாது என்று மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு தன் பரிந்துரைகளிலேயே சொல்லியிருக்கிறது. தொழுநோயில் முகத்தைக் காட்டியே ஆக வேண்டிய போஸ்டர்கள் மிகக் குறைவு. உங்களுடையது அவற்றில் ஒன்று அல்ல.

செங்காந்தள் எழுதியது:

நான் மருத்துவம் படித்தவன் அல்லன். பதினொரு வயதில் தொழுநோய் கண்டு, சிகிச்சை முடித்து, வலக்கையில் தசைநாண் மாற்று அறுவை சிகிச்சையும் செய்துகொண்டவன். இப்போது பாதிக்கப்பட்டவர்களின் சங்கம் ஒன்றில் பணி செய்கிறேன். படங்களைப் பற்றி மட்டும் என் அனுபவத்தைச் சொல்ல அனுமதியுங்கள்.

அறுவை சிகிச்சைக்கு முன் மடங்கிப் போயிருந்த என் கையைப் படமெடுத்தார்கள். அதற்கு நான் சம்மதித்தேன். என் வைத்தியக் குறிப்பில் இருக்கும் என்றே நினைத்தேன். பல ஆண்டுகளுக்குப் பிறகு, என் சகோதரி மகள் செவிலியர் படிப்பில் சேர்ந்த காலத்தில், ஏதோ ஒரு கூட்டத்துக்காகத் தயாரித்த விளக்கப் படங்களின் தொகுப்பில் அந்தக் கையைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள். என் முகம் அதில் இல்லை. ஆனால் முழங்கைக்குக் கீழே என் தாயின் பெயரைப் பச்சை குத்தியிருந்தேன். எங்கள் வீட்டில் அதை அடையாளம் காணாதவர் யாரும் இல்லை. எடுத்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும், நான் எந்த நோயிலிருந்து மீண்டேன் என்பதை வீட்டில் யாருக்கு, எப்போது சொல்வது என்ற முடிவு என்னுடையதாக இருந்திருக்க வேண்டும்.

ஆகவே, ஐயா, படத்தில் முகம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். பச்சை, தழும்பு, மோதிரம், மெட்டி, பின்னால் தெரியும் கோயில் சுவர், பள்ளிப் பெயர்ப்பலகை, குழு உட்கார்ந்திருக்கும் திண்ணை ஆகியவற்றையும் பாருங்கள். வெளியூர்க்காரருக்கு அது ஏதோ ஒரு திண்ணை. அந்த ஊர்க்காரருக்கு இன்னார் வீட்டுத் திண்ணை. எங்களுக்கு இது வெறும் கூச்சம் பற்றிய விஷயமாக இருந்ததில்லை. தொழுநோயை விவாகரத்துக்கு ஒரு காரணமாகச் சட்டமே வைத்திருந்தது; 2019-இல்தான் அதை நீக்கினார்கள். சட்டம் போன பிறகும் பெண் பார்க்க வந்தவர்கள் திரும்பிப் போகிறார்கள்.

சம்மதம் வாங்கும்போது, காகிதத்தில் கைநாட்டு வாங்குவதோடு நிறுத்தாதீர்கள். உங்கள் மடிக்கணினியில் அந்தப் போஸ்டரைத் திறந்து, இதுதான் உங்கள் கால், இதை வெளிநாட்டில் இருப்பவரும் பார்ப்பார், தன் கைப்பேசியில் எடுத்து வைத்துக்கொள்ளவும் முடியும், பிறகு வேண்டாம் என்று நீங்கள் சொன்னாலும் என்னால் எல்லா இடத்திலிருந்தும் திரும்ப எடுக்க முடியாது என்று சொல்லுங்கள். வேண்டாம் என்றாலும் உங்களுக்குச் செருப்பும் மருந்தும் எப்போதும்போல் கிடைக்கும் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள். உங்களிடம் செருப்பு வாங்குபவர் உங்கள் முகத்துக்கு எதிரே வேண்டாம் என்று சொல்வது எளிதல்ல. முடிந்தால், குழுவுக்கு வெளியே உள்ள ஒருவர் கேட்கட்டும்.

சொற்களையும் கவனியுங்கள். எங்களை இழித்துக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைக் கைவிட வேண்டும் என்று 1948-இல் ஹவானாவில் கூடிய தொழுநோய் மாநாடே தீர்மானித்தது. சிகிச்சையில் இருப்பவரை நோயாளி என்று சொல்லலாம். முடித்தவரை, தொழுநோயால் பாதிக்கப்பட்டவர் என்று எழுதுங்கள். சிகிச்சைக்கு வராதவரை டிஃபால்டர் என்று பதிவேட்டில் எழுதும் வழக்கத்தை உங்கள் போஸ்டருக்குள் கொண்டுவர வேண்டாம். அது கடன் கட்டத் தவறியவரைச் சொல்லும் சொல். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பேருந்து ஏறி வர முடியாதவரை அப்படி அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

பாலாற்றங்கரை எழுதியது:

மூவருக்கும் என் நன்றி. உடனே பதில் எழுதாததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். படித்த அன்றே கோப்பைத் திறந்து பார்த்தேன்.

வெண்திரை அவர்கள் சொன்னது அப்படியே உண்மையாக இருந்தது. நான் ஒட்டியிருந்த வரைபடத்துக்குள் எங்கள் பதிவேட்டின் முழுத் தாளும் பெயர்களோடு இருந்தது. அதைப் படமாக மாற்றிவிட்டேன். மருத்துவர் ஐயா சொன்னபடி, குழு தொடங்காத கிராமங்களின் பதிவுகளையும் எடுத்து வைத்துக் கணக்கிட்டேன். இரு பக்கத்துக்கும் உள்ள வேறுபாடு நான் முதலில் எழுதியிருந்த அளவுக்குப் பெரிதாக இல்லை, ஆனால் இருக்கிறது. தலைப்பையும் முடிவுப் பகுதியையும் அதற்கேற்பத் தணித்து எழுதியிருக்கிறேன். ஏற்கப்பட்ட சுருக்கத்தில் உள்ள எண்ணும் போஸ்டரில் உள்ள எண்ணும் வேறுபடுவதை அமைப்பாளர்களுக்கு முன்கூட்டியே மின்னஞ்சலில் தெரிவிக்க வேண்டுமா என்பதை மட்டும் சொல்லுங்கள்.

செங்காந்தள் ஐயா, குழுப் படங்கள் அனைத்தையும் எடுத்துவிட்டேன். ஒரே ஒரு பாதத்தின் படம் மட்டும் வைக்க நினைத்து, அதற்குரிய அம்மாவிடம் மடிக்கணினியில் காட்டிக் கேட்கும்படி எங்கள் அலுவலகத்தில் கணக்கு எழுதும் பெண்ணை அனுப்பினேன். அந்த அம்மா நெடுநேரம் பார்த்துவிட்டு, புண் இருக்கும் படம் வேண்டாம், ஆறிய பிறகு எடுத்ததைப் போடுங்கள் என்றாராம். அப்படியே செய்திருக்கிறேன். புண்ணின் இடத்தைக் காட்டப் பாதத்தின் கோட்டுப்படம் ஒன்றை நானே வரைந்து, அடிக்கடி புண் வரும் இடங்களைப் புள்ளியிட்டுக் காட்டியுள்ளேன்.

ஓய்வுபெற்ற மருத்துவர் எழுதியது:

தெரிவிக்க வேண்டும். சுருக்கம் அனுப்பிய பின் ஒப்பீட்டுக் குழு ஒன்றைச் சேர்த்து மறுபடி கணக்கிட்டோம் என்று போஸ்டரிலேயே ஒரு வரி எழுதுங்கள், மின்னஞ்சலிலும் அதே வரியை அனுப்புங்கள். சுருக்கங்களின் தொகுப்பு இன்னும் வெளிவராதிருந்தால் திருத்திக்கொள்ளும் வாய்ப்பும் கிடைக்கலாம். நேரில் கேட்பவர்களிடம் பழைய எண்ணையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

வெண்திரை எழுதியது:

அனுப்பும்போது இரண்டு விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசி நேரம் எந்த நாட்டு மணிப்படி என்று பாருங்கள், நள்ளிரவு 11.59 என்பது கிரீன்விச் நேரமாக இருந்தால் நமக்கு மறுநாள் காலை 5.29, இந்தோனேசியா போன்ற கிழக்கு நாட்டு நேரமாக இருந்தால் நம் இரவிலேயே கதவு மூடிவிடும். பதிவேற்றிய பின் அவர்களுடைய தளத்திலிருந்தே உங்கள் கோப்பைத் தரவிறக்கி, மருத்துவமனைக் காத்திருப்புக் கூடத்துத் தொலைக்காட்சியில், நோயாளிகள் இல்லாத நேரத்தில் திறந்து, நான்கடி தள்ளி நின்று முழுவதும் ஒருமுறை படித்துப் பாருங்கள். கோட்டுப்படத்தின் புள்ளிகளைச் சிவப்பு, பச்சை என்று நிறத்தால் மட்டும் பிரித்திருந்தால் வட்டம், முக்கோணம் என்று வடிவத்தாலும் பிரித்துவிடுங்கள்.